சித்திரை வைகாசில கல்யாணமா? பூ ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி இத பாத்துட்டுப் போங்க

வணக்கம் மக்களே, காரைக்குடில இருந்து பேசுறேன், இன்னிக்கு முழுக்க பூ தான். பங்குனி, சித்திரை, வைகாசில கல்யாணம் வச்சிருக்கவங்க நெறைய பேர் எனக்கு போட்டோ அனுப்புறீங்க, துலிப், பியோனி, வெளிர் ரோஸ் கலர்ல கொத்து கொத்தா தொங்குற பூ எல்லாம், அக்கா ஸ்ப்ரிங் வெட்டிங் தீம், இத அப்படியே நம்ம செட்டிநாட்டு வீட்டு வளவுல, அதான் நடு முற்றமும் அதச் சுத்தின எடமும், அங்க பண்ணலாமான்னு. அழகு தான், இல்லைங்கல. ஆனா துலிப் ஸ்ரீநகர்ல மார்ச் கடைசி, ஏப்ரல்ல பூக்குதுன்னா அங்க அப்பதான் குளிர் விடுது. நம்ம ஊர்ல அதே ஏப்ரல்ல பத்து மணிக்கு மேல வளவு முற்றத்துல வெறுங்காலோட நிக்க முடியுமா சொல்லுங்க. மேல ஓடு கிடையாது, தெறந்த வானம், நேரா வெயிலு.

அதனால நான் சொல்றது இதான், போட்டோவ பாத்து பூ எடுக்காதீங்க, முகூர்த்தம் எத்தன மணிக்குன்னு பாத்து எடுங்க. அந்த நேரத்துல அந்தப் பூ எந்த நெலமைல இருக்கும்னு தெரிஞ்சாத்தான் காசு வீணாகாது.

மொதல்ல மல்லி. சித்திரைக் கல்யாணத்துக்கு இதவிட பெரிய வரம் கெடையாது. மார்கழி தை பனில செடி மொட்டு ரொம்பக் கம்மியாத்தான் வைக்கும், அப்ப கிலோ ஆயிரக்கணக்குல போகும், பொங்கல் நேரத்துல கேக்கவே வேணாம். வெயில் ஏற ஏற மொட்டு குமியும், வெலையும் எறங்கும். நம்ம பக்கத்துக்கு பெரும்பாலும் மதுரை, நெலக்கோட்டைல இருந்து தான் வரத்து. மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல, சும்மா இல்ல, இதழ் கொஞ்சம் தடிமனா இருக்கும், வாசமும் நிக்கும்.

இங்க பாருங்க, கேமராகிட்ட கொண்டு வர்றேன், இந்த மொட்டு தெரியுதா, பால் வெள்ளையா, உருண்டு தெரண்டு, காம்பு பச்சையா. இது இன்னிக்கு சாயங்காலம் விரியும். இத பாருங்க, இன்னொன்னு, மெலிசா, நுனில பச்சை அடிக்குது, இது பிஞ்சு, எடைக்குப் போட்டுருவாங்க, ஆனா விரியாது, தலைல வச்சா அப்படியே வதங்கிரும். கை நெறைய அள்ளி ஒரு தடவ பாத்துட்டு வாங்குங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும்.

இப்ப முக்கியமான விஷயம். மல்லிய விடியக்காலைல மொட்டாத்தான் பறிப்பாங்க, அது விரியிறது அன்னிக்கு சாயங்காலம் ஆறு, ஏழு மணி. அப்ப ஈவினிங் ரிசப்ஷனுக்கு ரொம்ப பொருத்தம், பொண்ணு தலைல வைக்கும்போது மொட்டு, போட்டோ எடுக்கும்போது பூ, ஹால் முழுக்க வாசம். ஆனா காலைல ஆறு ஏழரை முகூர்த்தம்னா? அதுக்கு மொத நாள் பூ தான் வரும், சும்மா கூடைல போட்டு வச்சா ராத்திரியே முழுசா விரிஞ்சு, காலைல ஓரம் பழுப்பு தட்ட ஆரம்பிச்சிரும். அதனால ரெண்டுக்கும் சேத்து ஒரே ஆர்டர் குடுக்காதீங்க, தனித்தனியா குடுங்க. காலை முகூர்த்தத்துக்குள்ளத கட்டி முடிச்ச ஒடனே தெர்மாகோல் பெட்டில வைக்கணும், அடில ஐஸ், மேல துணி, துணிக்கு மேல வாழை எலை, அதுக்கு மேல பூ, ஐஸ் மேல பூ நேரா படவே கூடாது, பட்ட எடம் கருத்துரும். பெட்டிக்குள்ள இருக்க வரைக்கும் மொட்டு தூங்கும், விடியக்காலை எடுத்து தலைல வச்சா மெதுவா விரியும். வெளிநாட்டுக்கு ஃப்ளைட்ல போற மல்லியும் இப்படி ஐஸ் வச்ச பெட்டில தான் போகுது. அப்புறம் தண்ணி தெளிச்சா ஃப்ரெஷ்ஷா இருக்கும்னு விரிஞ்ச பூ மேல தெளிக்கிறாங்க பாருங்க, தயவுசெஞ்சு வேணாம், நனைச்ச துணில சுத்தி வச்சா போதும்.

மல்லியோட நடுவுல கனகாம்பரம் வச்சுக் கட்டுங்க, டெல்லி கனகாம்பரம்னு கேட்டு வாங்குங்க, நல்ல அடர்ந்த ஆரஞ்சு. வாசம் கெடையாது, ஆனா கனமே இருக்காது, வெயிலுக்கும் சட்டுனு வாடாது. எங்க பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுவாக, மல்லி மணக்கத்தான், கனகாம்பரம் நிக்கத்தான்னு.

செவ்வந்தி பத்தி கேக்குறீங்க. அது பகல் குறையிற காலத்துல பூக்குற செடி, ஐப்பசில இருந்து தை வரைக்கும் தான் அதோட ஆட்டம். சித்திரைல கெடைக்காதுன்னு இல்ல, ஆனா வெல கூட, பூவும் அந்தளவுக்கு இருக்காது. தூண்ல சுத்துறதுக்கு மஞ்சள் தான் வேணும்னா செண்டுமல்லி போதும், அதுல என்ன கௌரவக் கொறச்சல்.

மாலைக்கு நான் சம்பங்கி கட்சி. ரோஸ் இதழ் மாலை ஏசி மண்டபத்துல சரி, நம்ம பழைய வீட்டு வளவுல ஹோமப் பொகையும் வெயிலும் சேந்தா மாலை மாத்தி முடிக்கிறதுக்குள்ள இதழ் ஓரம் கருக்க ஆரம்பிச்சிரும். சம்பங்கி கெட்டியா நிக்கும், வெள்ளையா இருக்கறதால எந்தப் பட்டுக்கும் சேரும், நடுநடுவுல பன்னீர் ரோஸ் வச்சுக்கலாம், கொஞ்சம் போல மரு, அதான் அந்த வாசனைத் தழை, அதும் சேக்கலாம். கனத்த மட்டும் பாத்துக்கோங்க, பொண்ணு மாப்பிள்ளை தாங்கணும்ல.

இப்ப வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டுல கல்யாணம்னா டெகரேஷன்காரங்க பாதி வேலைய வீடே பண்ணிக் குடுத்துரும், பர்மா தேக்குத் தூணு, கீழ ஆத்தங்குடிக் கல்லு. அந்தத் தரைலயே பச்சை, செவப்பு, மஞ்சள்னு எல்லா கலரும் இருக்கு, அது மேல கலர் கலரா பூவ கொட்டுனா கண்ணு வலிக்கும். கருத்த தேக்குல வெள்ளைச் சரம் மட்டும் தொங்க விட்டுப் பாருங்க. ஆனா ஆணி அடிக்க விடாதீங்க, சுவத்துல டேப்பும் ஒட்ட விடாதீங்க, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகு ஏத்துன பழைய சுவரு, டேப்ப உரிச்சா மெருகும் சேந்து வரும். கயிறு போட்டுக் கட்டட்டும்.

முகப்புக்கு என் ஐடியா சரக்கொன்றை. ரோட்டோரத்துல, கோயில் நந்தவனத்துல சித்திரைல சரம் சரமா மஞ்சளா தொங்கும், கேரளாவுல விஷுக்கு வைக்கிறாங்கள்ல அதே தான். ஒடிச்சா சீக்கிரம் உதிரும், அதனால காலைல கட்டி மத்தியானத்துக்குள்ள கழட்டுற எடத்துக்கு மட்டும். மரத்துக்காரங்ககிட்ட கேட்டு ஒடிங்க, முழுசா மொட்டையடிச்சிராதீங்க. அதோட குருத்தோலைத் தோரணம், வாசல்ல கொலை தள்ளுன வாழை. தாம்பூலத்தோட உதிரிப்பூ வைக்க பிளாஸ்டிக் தட்டு வேணாம், நம்ம பனை ஓலைக் கொட்டான் இருக்கு.

அரளி மலிவா கெடைக்குதுன்னு பந்திப் பக்கம் கட்டிறாதீங்க, அது விஷப்பூ, எலைல விழுந்தா, சின்னப் புள்ளைக வாயில வச்சா வம்பு. சாமிக்கு மாலையா போடுறது வேற.

கடைசியா தேதி. முகூர்த்த நாள்னாலே பூ வெல ஏறும், அதோட மதுரைல மீனாட்சி திருக்கல்யாணம், அழகர் ஆத்துல எறங்குற சித்ரா பௌர்ணமி நாள் எல்லாம் சேந்துச்சுன்னா அங்கேயே பூவ அள்ளிருவாங்க, நமக்கு மிச்சம் தான். பங்குனின்னா நம்ம ஊர் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வேற. காலண்டர பாத்துட்டு முன்கூட்டியே கடைல சொல்லி வைங்க, எத்தன கிலோ உதிரி, எத்தன முழம் கட்டுனது, எந்த நேரத்துக்கு வரணும்னு பேப்பர்ல எழுதிக் குடுங்க, போன்ல சொன்னது நிக்காது. அதுலயும் காலைக்கு வர்றது ஐஸ் பெட்டில, சாயங்காலத்துக்கு வர்றது அன்னிக்குப் பறிச்சதுன்னு தனியா எழுதுங்க.

ஆவணில கல்யாணம் வச்சிருக்கவங்க இந்த லிஸ்ட்ட அப்படியே எடுத்துக்காதீங்க, அப்ப பிச்சி நெறைய வரும், அது வேற கணக்கு, அதுக்கு தனியா ஒரு வீடியோ போடுறேன். சரி மக்களே, வர்றேன்.