பாட்டி ஆவதற்கு முன்னால் அவர் யார்?

(தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரல் மாதத்தில், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்துச் சமூக மன்றம் ஒன்றில், இளையர்கள் தங்கள் பாட்டிகளைப் பற்றிப் பேசி முடித்த பிறகு ஆற்றிய உரை. பேச்சில் வந்ததை அதிகம் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும், இங்கே பேசிய தம்பி தங்கைகளுக்கும், அவர்களைக் கூட்டி வந்துவிட்டுக் கடைசி வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகள் நன்றாகப் பேசினார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லாப் பாட்டியும் பிரமாதமாகச் சமைக்கிறார். அப்பா கை ஓங்கினால் எல்லாப் பாட்டியும் குறுக்கே வந்து நிற்கிறார். அம்மாவுக்குத் தெரியாமல் எல்லாப் பாட்டியும் ஐந்து வெள்ளி கொடுக்கிறார். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் இவர் பாட்டியை அவர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

யாரும் பொய் சொன்னதாகச் சொல்லவில்லை. நாம் பிறக்கும்போதே அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிடுகிறது. நமக்குக் கிடைப்பது கோபமெல்லாம் தணிந்து, பொறுப்பெல்லாம் இறங்கி, கையில் கொஞ்சம் நேரமும் சில்லறையும் இருக்கிற ஒரு பெண்மணி. அன்பாகத்தான் இருப்பார். அதற்கு முந்தைய ஐம்பது வருடம் அவர் யாராக இருந்தார் என்று நாம் கேட்பதே இல்லை. அவரும் சொல்வதில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உதாரணத்துக்கு வெளியே போகவில்லை, எங்கள் அப்பாயியையே எடுத்துக்கொள்கிறேன். அத்தை பிள்ளைகளுக்கு அவர் அம்மாயி, எங்களுக்கு அப்பாயி, செம்பவாங் பக்கத்தில் பாதிப் பேருக்கு ‘யார்டுக்காரர் வீட்டம்மா’.

மன்னார்குடிப் பக்கத்துப் பெண். 1952இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறினார். நம்மில் பல குடும்பங்களுக்கு அந்தக் கப்பல் பெயர் தெரிந்திருக்கும். 1926இல் கட்டிய கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை எத்தனையோ ஆயிரம் தமிழர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. பெரும்பாலானவர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள்தான். தாத்தாவுக்குப் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை. குடித்தனம் சோங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், தகரக் கூரை போட்ட வீடு. 1968இல் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்டு ஆனது, 1971இல் வெள்ளைக்காரர்கள் படையை விலக்கிக்கொண்டார்கள். தாத்தா அதே இடத்தில்தான் வேலை பார்த்தார், சட்டையில் இருந்த பெயர் மட்டும் மாறியது. எண்பதுகளில் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. இதெல்லாம் எந்தக் குடும்பத்திலும் ஒப்பிக்கக்கூடிய வரலாறு, அதனால் இங்கேயே விட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு நினைவில் இருந்த அப்பாயி வாளி அப்பாயி. ஈசூன் வீட்டுக் குளியலறையில் எப்போதும் வாளி நிறையத் தண்ணீர் இருக்கும். இரண்டு பெரிய வாளி, ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டி, அதற்குமேல் கவிழ்த்த குவளை. ஷவர் இருக்கிற வீட்டில் எதற்கு இத்தனை? விடுமுறைக்கு நாங்கள் போனால் குளிக்க இடமில்லாமல் வாளிகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் நிற்போம். பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டால் முதுகில் ஓர் அடி விழும். அன்பான பாட்டியின் அடிதான், ஆனால் வலிக்கும். எங்களுக்குள் அது பெரிய கேலி. அப்பாயி குளியலறையில் மீன் வளர்க்கப்போகிறார் என்று சொல்லிச் சிரிப்போம்.

அவர் போன பிறகுதான் பெரியப்பா சொன்னார். 1963இல் இங்கே பெரிய வறட்சி. ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை நீடித்தது. கம்பத்தில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது, தெருவுக்குப் பொதுவாக ஒன்று. அப்போது அவருக்கு நான்கு பிள்ளைகள், கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. தாத்தா ஷிப்டுக்குப் போய்விடுவார். விடியற்காலையில் எழுந்து தகர டின்னை வரிசையில் வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்பாராம். ஒரு நாள் யாரோ டின்னை வரிசையிலிருந்து தள்ளி வைத்துவிட, அப்பாயி அந்த ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் விட்டாராம். அதற்குப் பிறகு அந்தக் குழாயடியில் தகராறு வந்தால் தீர்ப்பு சொல்வது அவர்தான் என்று ஆகிவிட்டது. யாருடனும் உரக்கப் பேசி நாங்கள் பார்த்திராத ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறார் பெரியப்பா!

அந்த வாளிகளைப் பற்றி நாங்கள் நூறு முறை சிரித்திருக்கிறோம். “ஏன் அப்பாயி?” என்று ஒருவரும் கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு வாளி இருக்கும். பழைய பிஸ்கட் டின்னாக இருக்கலாம், கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பதாக இருக்கலாம். பாட்டியின் குணம் என்று நாம் நினைப்பதில் பாதிக்கு ஒரு தேதி உண்டு, ஒரு தெரு உண்டு.

சாப்பாட்டுக்கும் அப்படித்தான். கைமணம் கைமணம் என்று சொல்லி அதை மூடிவிடுகிறோம். எங்கள் அப்பாயி நெய்ச்சோற்றில் பண்டான் இலையை முடிச்சுப் போட்டு இறக்குவார். மீன் பொரித்த அன்றைக்குத் தொட்டுக்கொள்ள பிளாச்சான் (இறால் விழுது) சம்பல் இடிப்பார். மன்னார்குடியில் ஏது பண்டானும் பிளாச்சானும்? கம்பத்தில் பக்கத்து வீட்டு மலாய் அம்மா கற்றுக்கொடுத்தது. பதிலுக்கு அப்பாயி அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ரசம். அந்த மலாய்க் குடும்பத்தில் இன்றைக்கும் யாருக்காவது சளி பிடித்தால் ரசம் வைக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அரிசி அளக்கப் பால் டின், மிளகாய்த்தூளுக்கு உள்ளங்கை. இந்த அளவையில் சமையல் குறிப்பு எழுதி வாங்க நினைப்பவர்கள், சமைக்கும்போது பக்கத்தில் நின்று அந்தக் கையைப் படம் எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

சரி, இப்போது பேரப்பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பிட்ட பிறகு, பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கதை ஓடியது. சிறிது நேரத்தில் சண்டை வந்துவிட்டது. பெரியப்பா மகன் சொன்னார், அப்பாயி கண்டிப்பானவர், சாப்பிடும்போது பேசினால் தட்டை எடுத்துவிடுவார் என்று. அத்தை மகள், அதாவது எங்களில் கடைக்குட்டி, அடித்துச் சொன்னாள்: அம்மாயி எனக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார வைத்து ஊட்டிவிடுவார். இருவருக்கும் பதினாறு வயது வித்தியாசம். ஒரே வீடு, ஒரே பெண்மணி. அந்தப் பதினாறு வருடத்தில் அவர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். நாமெல்லாம் மாறுவோம், பாட்டி மட்டும் பிறந்ததிலிருந்து பாட்டியாகவே இருந்தார் என்று எண்ணிக்கொள்கிறோம்.

அடுத்த சண்டைதான் பெரியது. பெரியப்பா மகன், “அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது, தமிழ் முரசை நான்தான் வாசித்துக் காட்டுவேன்” என்றார். அத்தை மகள், “என்ன சொல்றீங்க? எனக்குச் சொல்வதெழுதுதலுக்கு வார்த்தை சொல்வதே அம்மாயிதான்” என்றாள். கூடத்தில் யாரும் பேசவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

அத்தைதான் முடிச்சை அவிழ்த்தார். அத்தைக்கும் மாமாவுக்கும் வேலை, பிள்ளை பகலில் பாட்டி வீட்டில். தொடக்கப்பள்ளியில் வாரம் ஒரு சொல்வதெழுதுதல். வீட்டில் யாராவது புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிள்ளை எழுத வேண்டும். பேத்தியிடம் எனக்கு எழுத்து தெரியாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மேல்மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் காலையில் போய், அந்த வாரத்து வார்த்தைகளை மட்டும் கற்றுக்கொண்டு வருவாராம். முதலில் வரிசையை மனப்பாடம். பிறகு எழுத்து. அறுபது வயதுக்கு மேல், பேத்தியின் பாடப்புத்தகத்தில், வாரம் பத்து வார்த்தையாகத் தமிழ் படித்திருக்கிறார். ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் அவர் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை என்பதும் தெரிந்தது, அத்தை மகளுக்கு அந்த எழுத்துகளில் மதிப்பெண் ஏன் போனது என்பதற்கும் விளக்கம் கிடைத்தது.

எங்கள் பெரியப்பா மகன் அன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தார். “அப்போ நான் வாசிச்சுக் காட்டினப்ப ஏன் சொல்லிக்கொடுன்னு என்கிட்ட கேட்கலை?” அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இதனால்தான் சொல்கிறேன், பாட்டியைப் பற்றி ஒருவர் மட்டும் எழுதினால் அது அவருடைய பாட்டி. பேரப்பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, ஒத்துப்போகாத இடத்தில் நிறுத்தித் தோண்டினால்தான் ஆள் வெளியே வருவார். எல்லாரும் தலையாட்டுகிற கதைகளை விட்டுவிடுங்கள். சண்டை வருகிற கதையைப் பிடியுங்கள்.

உறவினர்களோடும் நிறுத்த வேண்டாம். எங்கள் அப்பாயியின் ஈசூன் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு சீனப் பாட்டி. இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய். காலையில் கதவைத் திறந்ததும் “சூடா மாக்கான்?” (சாப்பிட்டாச்சா?) என்று இவர் கேட்க, “பெலும், பெலும்” (இன்னும் இல்லை) என்று அவர் சொல்வதுதான் எங்களுக்கு அலாரம். எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் அந்த மலாய் வராது, அவர் பேசும் சீன மொழியான ஹொக்கியன் சுத்தமாக வராது. அந்தப் பாட்டியின் மகள் மொழிபெயர்க்க, ஒரு சனிக்கிழமை போய்ப் பேசினோம். அவர் முதலில் கேட்டதே, “கம்மல் யாரிடம் இருக்கிறது?” என்றுதான்.

விஷயம் இது. இரண்டு பாட்டிகளும் கூட்டுச் சேர்ந்து ஃபோர்-டி, அதாவது நான்கு இலக்க லாட்டரி, எடுத்திருக்கிறார்கள். ஆளுக்குப் பாதிக் காசு. புளோக் எண், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், விபத்துக்குள்ளான டாக்சியின் எண், எதையும் விடவில்லை. ஒரு தடவை நல்ல பரிசு விழுந்திருக்கிறது. இருவரும் தேக்காவுக்குப் பேருந்தில் போய், சிராங்கூன் சாலை நகைக்கடையில் ஒரே மாதிரி இரண்டு ஜோடி கம்மல் வாங்கியிருக்கிறார்கள். தாத்தா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிக்கொடுத்தது என்று சொல்லித்தான் அந்தக் கம்மல் எங்கள் குடும்பத்தில் வலம் வந்துகொண்டிருந்தது. தாத்தாவும் மறுக்காமல் பெருமையை வாங்கிக்கொண்டிருக்கிறார்! பங்குனி உத்திரத்துக்குப் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் பால்குடம் எடுக்கும்போது அப்பாயி போட்டுக்கொள்வதும் அந்தக் கம்மல்தான்.

இதை மேடையில் சொல்வதா என்று வீட்டில் கேட்டார்கள். அன்பான பாட்டி சூதாடினார் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி. எனக்கு இப்போதுதான் அவரை அதிகமாகப் பிடிக்கிறது.

கேட்பது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நமது தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் சேர்க்கிறார்கள், தமிழிலும் பேட்டிகள் உண்டு, இணையத்தில் பலவற்றைக் கேட்கலாம். இரண்டு மூன்று கேட்டுவிட்டு உங்கள் பாட்டியிடம் போங்கள். “உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “என்னத்த, ஓடிச்சு” என்பார், கதை முடிந்தது. எந்தக் கடையில் கடன் எழுதினீர்கள், முதல் பிரசவத்துக்கு யார் கூட வந்தார்கள், கப்பலில் யார் பக்கத்தில் படுத்தீர்கள் என்று கேளுங்கள். தண்ணீரில் உளுந்து ஊறுவதுபோல அரை மணி நேரம் ஆகும், அதன் பிறகு அவரை நிறுத்த முடியாது. கைப்பேசியில் பதிவு செய்கிறோம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. பாட்டியிடம் பேரன் பாதி ஆங்கிலத்தில்தான் கேட்பான். தமிழ்மொழி விழா மேடையில் நின்று இப்படிச் சொல்வதற்கு அமைப்பாளர்கள் மன்னிக்க வேண்டும்: கேட்கட்டும். நடுவில் புகுந்து இலக்கணம் திருத்தாதீர்கள். கதை சூடுபிடித்தால் தமிழ் தானாக வரும்.

கேள்வி நேரத்தில் இரண்டு பேர் கேட்டதையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு மாணவி தன் பாட்டிக்கு டிமென்ஷியா (மறதி நோய்), இனிக் கேட்டுப் பயனுண்டா என்று கேட்டாள். பொதுவாக அண்மை நினைவுகள்தான் முதலில் போகும், பழையவை இன்னும் கொஞ்ச காலம் தங்கும் என்று பதில் சொன்னேன். “ஞாபகம் இருக்கா?” என்று சோதிக்க வேண்டாம், பழைய பாத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார், அவர் சொன்னது தப்பாக இருந்தாலும் திருத்தாதே என்றேன்.

மற்றவர் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி. “என் பேரன் எதுவுமே கேட்கிறதில்லை, நான் என்ன செய்ய?” என்றார். அவன் உங்களிடம் அடிக்கடி எதற்கு வருவான் என்று கேட்டேன். “வைஃபை பாஸ்வேர்டுக்கு. மோடம் என் ரூம்லதான் இருக்கு” என்றார். மன்றமே சிரித்தது. பாஸ்வேர்டை நீங்கள் பிறந்த ஊர்ப் பெயராக மாற்றிவிடுங்கள், எழுத்துக்கூட்டச் சொல்லி அவனே வந்து கேட்பான் என்றேன். மாற்றத் தெரியாது என்றார். பின்வரிசை அப்பாக்களில் ஒருவர் எழுந்து, மாற்றித் தருவதாக ஒத்துக்கொண்டார்.