எழுதுவது ஒன்று, படிப்பது வேறு: ஆங்கிலத்துக்கு என்ன நேர்ந்தது?

[திரையில்: ஆறு எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

கே, என், ஐ, ஜி, ஹெச், டி. குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்'. இதில் கே, ஜி, ஹெச் மூன்றும் வாயே திறப்பதில்லை. ஆனால் 1400 வாக்கில் லண்டன்காரர் இதைக் கிட்டத்தட்ட 'க்னிஹ்ட்' என்றே உச்சரித்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் அன்று வேலை இருந்தது.

[திரையில்: அச்சு இயந்திரம்]

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். தொடங்கியவுடன் தலைவலி: எந்த ஊர் ஆங்கிலத்தில் அச்சடிப்பது? 1490இல் வந்த நூலொன்றின் முன்னுரையில் அவரே ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தேம்ஸ் நதியில் காற்றில்லாமல் கப்பல் நின்றுவிட, வணிகர்கள் கரையேறி ஒரு வீட்டில் உணவு கேட்கிறார்கள். ஒருவர் முட்டை வேண்டி 'எக்ஸ்' என்கிறார். அந்த வீட்டுப் பெண்ணோ, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்கிறாள். அவருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது! இன்னொருவர் 'எய்ரன்' என்றதும்தான் அவளுக்குப் புரிகிறது. 'எக்' வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. 'எய்ரன்' பழைய ஆங்கிலத்தின் வழிவந்தது. வென்றது வந்தேறிதான்.

இப்படித்தான் அச்சகங்கள் ஒவ்வொரு வடிவமாகத் தேர்ந்து, எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல உறைய வைத்தன. வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் உச்சரிப்பு இடம் மாறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நெடில் உயிரொலிகள் அனைத்தும் நகர்ந்தன. 'ஹூஸ்' ஹவுஸ் ஆனது. 'மூஸ்' மவுஸ் ஆனது. 'நாம' நேம் ஆனது. இதற்கு 'பெரும் உயிரொலி மாற்றம்' என்று பெயர். நாக்கு நகர்ந்தது, அச்செழுத்து அசையவில்லை.

[திரையில்: 'ஐலண்ட்' என்ற சொல், நடுவில் எஸ் மட்டும் சிவப்பில்]

இதுவரை நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அடுத்தது பண்டிதர்களின் கைவரிசை. கடன் என்று பொருள்படும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று பின்னால் நுழைத்தார்கள். 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது அசல் ஆங்கிலச் சொல். லத்தீனோடு உறவே கிடையாது. இருந்தும் உறவு கற்பித்து ஓர் 'எஸ்' சேர்த்துவிட்டார்கள். அந்த அசட்டுத்தனத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மதிப்பெண் இழக்கிறார்கள்.

1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி இந்தக் கோலத்துக்கு முத்திரை குத்தியது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் கொஞ்சம் துணிந்தார். 'கலர்' சொல்லிலிருந்து அவர் 'யு'வை நீக்கியதை அமெரிக்கர்கள் ஏற்றுக்கொண்டார்கள். 'ஐலண்ட்' சொல்லிலிருந்து 'எஸ்'ஸை நீக்கவும் பார்த்தார். அதை யாரும் சீண்டவில்லை.