மீண்டும் பாடிய ஆறு பாடல்கள்

அவையோருக்கு வணக்கம்.

1997-இல் டென்மார்க்கில் ஓர் ஆல்பம் வெளிவந்தது. பெயர் 'எ ட்ரையம்ஃப் ஃபார் மேன்'. அப்போது போட்டது 2,000 பிரதிகள்தான். மியூ என்ற இண்டி ராக் குழுவின், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் ராக் இசைக் குழுவின், முதல் ஆல்பம் அது. அந்தக் குழு மேலெழுந்த விதத்தில் எனக்குப் பிடித்த ஒன்றை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

கோபன்ஹேகனுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஊர் ஹெலரப். 1990-களின் நடுவில் அங்கே நான்கு இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்தார்கள். பாட யோனஸ் பியெரே, கிட்டாருக்கு போ மேட்சன், பேஸ் கிட்டாருக்கு யோஹான் வோலெர்ட், டிரம்ஸுக்கு சிலாஸ் யோர்கன்சன். ராக் பாடகர் என்றால் கரகரத்த குரலைத்தான் நாம் எதிர்பார்ப்போம். பியெரேயின் குரல் சிறுவனின் குரலைப் போல மெல்லியது, உச்சத்தில் கூசாமல் நிற்பது. கீழே கிட்டார்கள் இரைந்து கொண்டிருக்க, இவர் குரலை உயர்த்திக் கத்தாமலே அந்த இரைச்சலைக் கடந்துவிடுவார்.

இரண்டாவது ஆல்பத்தை 2000-இல் தங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் பெரிய இசை நிறுவனமான சோனியின் கதவு திறந்தது.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். உலகம் முழுவதும் கேட்கப்போகும் ஆல்பத்துக்குப் புதுப் பாடல்களைக் குவிக்கத்தான் யாருக்கும் ஆசை வரும். ஆனால் 2003-இல் வந்த இவர்களது 'ஃப்ரெங்கர்ஸ்' ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் ஆறு, முன்பே வெளிவந்தவை. தயாரிப்பாளர் ரிச் காஸ்டியுடன் உட்கார்ந்து அவற்றை மறுபடியும் பதிவு செய்தார்கள். சரக்கு தீர்ந்துவிட்டது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சில ஆயிரம் பேரோடு நின்றுபோன பாட்டை அவர்கள் கைவிட மறுத்தார்கள். ஆல்பத்தின் பெயரும் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற இரண்டு சொற்களையும் ஒட்டவைத்துப் பிறந்த பெயர் அது. நண்பரென்றும் சொல்ல முடியாத, அந்நியரென்றும் தள்ள முடியாத ஒருவரைக் குறிப்பது.

அந்த ஆறில் கடைசிப் பாட்டு 'கம்ஃபர்ட்டிங் சவுண்ட்ஸ்'. ஏறக்குறைய ஒன்பது நிமிடம். வீட்டுக்குப் போனதும் கேளுங்கள், ஆனால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ஒரு கிட்டாரும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலுமாகத் தொடங்குகிறது. நடுவழியில் சொற்கள் தீர்ந்துவிடுகின்றன. பிறகு வாத்தியங்கள் மட்டும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னோர் அடுக்கு ஏறுகிறது, டிரம்ஸ் கனக்கிறது. பாடகர் வாய் மூடிய பிறகு பாட்டு இத்தனை உயரம் ஏறுவதை நான் அதிகம் கேட்டதில்லை.

மேடையில் அவர்களுக்குப் பின்னால் திரையில் அசையும் விசித்திர உருவங்களை உருவாக்கியவரும் பியெரேதான். அந்தத் திரைக்கு முன்னால், கச்சேரியின் கடைசிப் பாட்டாக இதையே ஆண்டாண்டுகளாக வாசித்து வந்தார்கள்.