சாய்ந்த சுவரை நிமிர்த்தாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கட்டடம் ஒன்றை அளந்து, அதைக் கணினியில் தகவல்களோடு எழுப்பிவைக்கும் வேலையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். கட்டடத் தகவல் மாதிரி என்பார்கள்; துறைக்குள் 'பிம்'. பழங்கட்டடங்களுக்காகச் செய்வது 'ஹெச்-பிம்'. டப்ளினில் மாரிஸ் மர்ஃபியும் அவருடைய குழுவினரும் 2009 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் அது.

இதை வெறும் முப்பரிமாணப் படம் என்று நினைத்துவிட வேண்டாம். படத்தில் தூண் என்பது ஒரு வடிவம், அவ்வளவுதான். இந்த மாதிரியில் அது தூண் என்பது கணினிக்கே தெரியும். என்ன கல், என்ன சாந்து, கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள், எந்தப் பக்கம் உப்புப் பூத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தூணோடேயே சேர்ந்திருக்கும்.

முதல் வேலை அளப்பது. முக்காலியில் நிறுத்திய லேசர் ஸ்கேனர் நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளை அளந்து தள்ளிவிடும். அது எட்டாத உயரத்துக்கு ட்ரோன் படங்கள் இருக்கின்றன. அப்புறம் அந்தப் புள்ளித் திரளைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்து சுவர், வளைவு, கூரை என்று மாதிரியைக் கட்ட வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த மென்பொருள்கள் புதுக் கட்டடங்களுக்காக உருவானவை. சுவர் என்று தேர்ந்தெடுத்து இரண்டு முனைகளைக் காட்டினால் போதும், நேராக, செங்குத்தாக, ஒரே கனத்தில் ஒரு சுவர் வந்து நிற்கும். பழைய சுவர் அப்படியா இருக்கும்? கீழே கனம், மேலே மெலிவு, நடுவில் வயிறு தள்ளியிருக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நாலு சென்டிமீட்டர் வெளியே சாய்ந்திருக்கும். அந்த நாலு சென்டிமீட்டர் சும்மா வந்ததல்ல. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம், மேலே உள்ள வளைவு சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம், எப்போதோ ஒரு தாங்குசுவரை யாராவது எடுத்திருக்கலாம். மாதிரியில் சுவரை நிமிர்த்திவிட்டால் இந்தக் கேள்விகளே எழாது. அடுத்த முறை அளக்கும்போது சாய்வு கூடியிருக்கிறதா என்று ஒப்பிடவும் வழியில்லை. நேரமில்லை என்றால் சுவரை நேராகவே வரையுங்கள், தவறில்லை. ஆனால் எங்கே எவ்வளவு விலகல் என்று நிறத்தில் காட்டும் வரைபடத்தைக் கூடவே இணைத்துவிடுங்கள்.

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தைப் பாருங்கள். கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010 வாக்கில் அதை லேசரால் அளக்கத் தொடங்கினார். 100 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் சேர்ந்தன. மேற்கு முனையின் உள் தூண்கள் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பது அதில் தெரியவந்தது. ஏற்கெனவே அங்கே நின்ற கட்டுமானத்தை இடிக்காமல், அதைச் சுற்றியே வேலை செய்திருக்கிறார்கள் போலும். எவ்வளவு பெரிய செய்தி! தூண்களை வரிசைப்படுத்தி வரைந்திருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது. டாலன் 2018-இல் காலமானார். 2019 ஏப்ரல் 15 அன்று தேவாலயக் கூரை எரிந்தது. மீண்டும் கட்டியவர்களுக்கு அவருடைய அளவுகளும் இருந்தன. ரெமி ஃப்ரொமோனும் செத்ரிக் த்ரான்தெசோவும் 2014-இல் கூரையின் மரச்சட்டத்தை அளந்து வரைந்த வரைபடங்களும் இருந்தன. 2024 டிசம்பரில் கதவுகள் திறந்தன.

சரி, அளக்க முடியாததை என்ன செய்வது? ஸ்கேனருக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும்தான். சுவரின் உள்ளே கல்லா, வெறும் இடிபாடா, வெற்றிடமா என்று அது சொல்லாது. ரேடார், வெப்பப் படம் வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். ஊகம் எழுகிற இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான நெறிகளை வகுத்த 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்கிறது. கணினி மாதிரிக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திரையில் அளந்த கல்லும் ஊகித்த கல்லும் ஒரே பளபளப்போடு தெரியும். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிய வேண்டாமா? ஒவ்வொரு பாகத்திலும் 'அளந்தது', 'ஆவணத்திலிருந்து எடுத்தது', 'ஊகம்' என்று குறித்துவைப்பது பெரிய வேலையே இல்லை. செய்யாமல் விட்டால், பின்னால் அதைப் பார்த்துக் கல் செதுக்குபவர் நம் ஊகத்தை வரலாறு என்று நம்பிச் செதுக்கிவிடுவார்.

கடைசியாக ஒன்று. கட்டடம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். அதைப் பதிந்த கோப்பு பத்து ஆண்டில் திறக்காமல் போகலாம். ஆகவே பல மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய ஐ.எஃப்.சி. என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் ஒரு பிரதி, அளந்தபடியே இருக்கும் மூலப் புள்ளித் திரள், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போல் வரைந்த முக்கியமான வெட்டுத்தோற்றங்கள் தாளில் என மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மாதிரி செய்யச் சொல்லி ஒப்பந்தம் போடும்போதே இதை எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து, குழு கலைந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

நன்றி, வணக்கம்.