இனவாரி விவரம்: பை சார்ட்டுக்கு அப்புறம் என்ன செய்யணும்?

வணக்கம். இங்கிலாந்துல ஒரு காலேஜ்ல மாணவர் சேவைப் பிரிவுல வேலை பார்க்கிற நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "சேரும்போது பசங்ககிட்ட எத்னிசிட்டி, அதாவது எந்த இனப் பின்னணின்னு கேட்டு வாங்குறோம். வருஷக் கடைசியில ஒரு பை சார்ட் போட்டு ரிப்போர்ட்ல சேர்க்கிறோம், அவ்வளவுதான். சமவாய்ப்புக்கு இத வச்சு உருப்படியா என்ன செய்யலாம்? நம்ம ஊர் மாதிரி ஒதுக்கீடு குடுக்க முடியுமா?"

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடுவோம். முடியாது. நம்ம ஊர்ல கம்யூனிட்டி கேட்டா அது சீட்டோட சம்பந்தப்பட்டது, சர்டிஃபிகேட் வேணும். அங்க மாணவர் தானா சொல்றதுதான் பதிவு. 2010 ஈக்வாலிட்டி ஆக்ட், அதாவது சமத்துவச் சட்டத்துப்படி, இனத்தைப் பார்த்து சீட் ஒதுக்கினா அதுவே பாகுபாடு ஆயிடும். ஆனா அதே சட்டத்துல 149-வது பிரிவு, சமவாய்ப்பை வளர்க்கிறது பொது நிறுவனங்களோட கடமைன்னு சொல்லுது. 158-வது பிரிவு, பின்தங்கின குழுவுக்கு அளவோட கூடுதல் உதவி செய்ய இடம் குடுக்குது. பின்தங்கியிருக்காங்கன்னு நினைக்க நியாயமான அடிப்படை வேணும். அந்த அடிப்படைதான் நீங்க கையில வச்சிருக்கிற டேட்டா.

பை சார்ட் யார் உள்ள வந்தாங்கன்னு மட்டும்தான் காட்டும். யார் எந்தப் படியில நழுவுறாங்கன்னு காட்டாது. அதனால விண்ணப்பம், நேர்காணல், ஆஃபர், சேர்க்கை, ஆறாவது வாரம், வருஷக் கடைசி, தேர்ச்சின்னு ஏழு படி போடுங்க. ஒவ்வொரு படியிலயும் ஒவ்வொரு குழுவுலயும் எத்தனை பேர்னு எழுதுங்க.

கணக்குக்காக ஒரு உதாரணம் சொல்றேன். வெள்ளையர் 200 பேர் சேர்ந்து 170 பேர் முடிச்சாங்க, 85%. ஏசியர் 100 பேர் சேர்ந்து 84 பேர் முடிச்சாங்க, 84%. பார்த்தா பிரச்சினையே இல்லைன்னு தோணும். இப்போ அந்த 'ஏசியர்'ங்கிறதைப் பிரிங்க. இந்தியர் 50-க்கு 46, வேற ஏசியப் பின்னணி 20-க்கு 17, பங்களாதேஷி 30-க்கு 21. அதாவது 92, 85, 70 சதவீதம். மொத்தமா பார்க்கும்போது 70 மறைஞ்சே போச்சு.

இங்க நிறுத்தாதீங்க. அந்த 30 பேர்ல கடைசி வரைக்கும் இருந்தது எத்தனை பேர்? 22. அதுல பாஸ் 21. அப்போ இருந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே பாஸ் பண்ணிட்டாங்க. பாடத்துல குறையில்லை, நடுவுலயே படிப்பை விட்டுடுறதுலதான் பிரச்சினை. இது தெரியாம எக்ஸ்ட்ரா ரிவிஷன் க்ளாஸ் வச்சா காசும் உழைப்பும் வீண். அந்த எட்டுப் பேரும் எந்த மாசம் நின்னாங்க, எந்த கோர்ஸ், பர்சரி (உதவித்தொகை) பணம் எப்போ கைக்கு வந்துது, முதல் க்ளாஸ் எத்தனை மணிக்குன்னு பாருங்க. காரணம் பெரும்பாலும் அங்கதான் கிடைக்கும்.

காலேஜ் அரசுக்கு அனுப்புற மாணவர் பதிவான ஐஎல்ஆர்ல கோட் ஏற்கனவே பிரிஞ்சுதான் இருக்கு: இந்தியர் 39, பங்களாதேஷி 41, வேற ஏசியப் பின்னணி 43. தமிழர்னு தனியா இல்லை. சென்னைக் குடும்பத்துப் பொண்ணு 39 போட்டா, யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன் 43-லதான் வருவான். அதனால 43-ஐ 'மற்றவை'ன்னு ஒதுக்கிடாதீங்க. 99-ன்னா விவரம் தரலைன்னு அர்த்தம். அது ரொம்ப அதிகமா இருந்தா மத்த எந்த சதவீதத்தையும் நம்பாதீங்க. பேரையும் முகத்தையும் பார்த்து ஊழியர்களே நிரப்புறது கூடவே கூடாது. ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பாங்க, இதனால போன வருஷம் என்ன மாறிச்சுன்னு ஃபார்ம்லயே மூணு வரி எழுதுங்க. அந்த மூணாவது வரியைப் பார்த்துத்தான் ஜனங்க விவரம் தருவாங்க. இன விவரம் இருக்கிற அந்தத் தாள் நேர்காணல் எடுக்கிறவர் கைக்குப் போகவே கூடாது. பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கி அனுப்புற யூகாஸ் அமைப்பு கூட இடம் உறுதியான பிறகுதான் இந்த விவரத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புது.

சின்ன எண்ணிக்கையில கவனமா இருங்க. எட்டுப் பேர் இருக்கிற குழுவுல ஒருத்தர் நின்னா 12.5% இறங்கிடும். மூணு வருஷத்தைச் சேர்த்துப் பாருங்க. வெளியிடும்போது எண்ணிக்கையைப் பக்கத்துல இருக்கிற 5, 10, 15-னு முழுசாக்கிடுங்க, இல்லைன்னா யாருன்னு கண்டுபிடிச்சிடலாம்.

இன்னொண்ணு, "அவங்க வரும்போதே மார்க் கம்மி"ன்னு மீட்டிங்ல சொல்லுவாங்க. சரி, ஒரே கோர்ஸ், ஒரே நுழைவு மதிப்பெண் உள்ளவங்களை ஒப்பிட்டுப் பாருங்க. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள்ல அப்படிப் பார்த்த பிறகும், டிகிரில வாங்குற ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ்ல இனக்குழுக்களுக்கு நடுவுல வித்தியாசம் இருந்துது. அதனாலதான் இப்போ நிறைய பேர் 'அட்டெய்ன்மென்ட் கேப்' (மாணவர் எட்டுறதுல இடைவெளி)னு சொல்றதை விட்டுட்டு 'அவார்டிங் கேப்' (நிறுவனம் வழங்குறதுல இடைவெளி)னு சொல்றாங்க. அந்தச் சொல் மாணவர் பக்கமே கை காட்டாம, மதிப்பெண் போடுற இடத்தையும் பார்க்கச் சொல்லுது. எனக்கு அது சரின்னு படுது.

கண்டுபிடிச்சதும் பங்களாதேஷிப் பசங்க பேர்ப் பட்டியல் எடுத்து ஒவ்வொருத்தரா கூப்பிடத் தோணும். வேண்டாம். கண்காணிப்புக்காக வாங்கின இன விவரத்தை வச்சு தனி ஆளைப் பத்தி முடிவெடுக்க 2018 டேட்டா ப்ரொடக்‌ஷன் ஆக்ட் இடம் குடுக்கலை. வருகை குறைஞ்சா, யாரா இருந்தாலும், உடனே கூப்பிடுங்க. பர்சரியை முதல் மாசமே குடுத்துடுங்க. தேவைப்படுறவங்களுக்கு அது தானா போய்ச் சேரும்.

அடுத்த வருஷம் அதே அட்டவணையை மறுபடி போடும்போது ஆறாவது வாரத்தைத் தனியா பாருங்க. நீண்ட கோர்ஸ்ல 42 நாளுக்குள்ள நின்னவங்க தேர்ச்சிக் கணக்குல சேரவே மாட்டாங்க. 70% எண்பதா ஏறியிருந்தா, பசங்க நிலைச்சிருக்காங்களா, இல்ல முன்னைவிடச் சீக்கிரமா நின்னுட்டாங்களான்னு அந்தக் கட்டத்தைப் பார்த்தாத்தான் தெரியும்.