பேச்சு வராவிட்டால் பாட்டி வீடும் சுற்றுலாத் தலம்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"வெளிநாட்டில் வளரும் பிள்ளையை வேரோடு சேர்ப்பது மொழியா, பயணமா?" இதுதான் தலைப்பு. நான் மொழி அணி. எனக்கு முன்னால் பேசிய எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியே பேசினார்கள். நான் ஒரு வியட்நாமியப் பிள்ளையைப் பற்றிப் பேசப்போகிறேன். பாதி வியட்நாம், பாதி நம்மூர். என் அண்ணன் மகள். அண்ணி சைகோன், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்துக் குடும்பத்துப் பெண். நாம் இருக்கும் இந்த சான் ஹோசேயில் அது அதிசயமும் இல்லை. அமெரிக்காவில் வியட்நாமியர்கள் மிக அதிகமாக வாழும் நகரம் இது. இங்கே தேர்தல் வாக்குச்சீட்டே வியட்நாமிய மொழியில் கிடைக்கிறது.

எதிரணித் தலைவர் அந்தக் குழந்தையை உதாரணம் காட்டித்தான் என்னை வம்புக்கு இழுத்தார். "2021 நவம்பரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் ஏறினால் நேராக ஹோ சி மின் நகரத்தில் இறங்கலாம். வியட்நாம் வம்சாவளிக்காரர்களுக்கு ஐந்தாண்டு விசா விலக்குச் சான்றிதழும் தருகிறார்கள். டெட் புத்தாண்டுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், பத்து வருட வார இறுதி வகுப்பு செய்யாததை அந்த ஒரு பயணம் செய்துவிடும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். அழகாகச் சொன்னதால் நானும் தட்டினேன். ஆனால் ஒரு கணக்குப் பார்ப்போமா? 2024-ல் வியட்நாமுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கோடிப் பேர். ஹா லாங் விரிகுடாவில் படகில் போனார்கள், ஹோய் ஆனில் விளக்கு வாங்கினார்கள், டா நாங் பக்கம் இரண்டு ராட்சசக் கைகள் தாங்கி நிற்கிற அந்தத் தங்கப் பாலத்தில் செல்ஃபி எடுத்தார்கள். அத்தனை பேருக்கும் வியட்நாமிய வேர் முளைத்துவிட்டதா?

"அவர்கள் வேற்று ஆட்கள், இவள் சொந்தப் பிள்ளை" என்பார்கள். சரி, சொந்தப் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். மொழி தெரியாமல் டெட்டுக்குப் போய் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மேகாங் கழிமுகத்தில் கான் தோ பக்கம் ஒரு வீடு. உறவுக்காரர்கள் இருபது பேர் சூழ்ந்து நின்று கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், தட்டு நிறையச் சாப்பாடு வைக்கிறார்கள். பிள்ளை சிரிக்கிறது, அப்புறம் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறது. சிவப்பு உறையில் புத்தாண்டுப் பணம் வாங்க வேண்டுமென்றால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பெரியவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். "தாத்தாவுக்கு நல்ல ஆரோக்கியம் கிடைக்கட்டும், நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்" என்று கோவையாகச் சொல்கிற பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். இந்தப் பிள்ளையோ அம்மா காதில் சொல்லிக் கொடுத்ததை அரைகுறையாக முணுமுணுத்துவிட்டு உறையை வாங்கிக்கொள்கிறது. விசாச் சான்றிதழ் விமான நிலையத்துக் கதவைத்தான் திறக்கும், எதிரணித் தலைவரே. அந்தத் தாத்தாவிடம் பேச்சுக்கொடுக்க அது உதவாது.

வியட்நாமிய மொழிக்கென்று ஒரு குணம் உண்டு. தமிழர்களுக்கு அது உடனே பிடிபடும். அங்கே வீட்டுக்குள் எல்லாரிடமும் சொல்கிற பொதுவான 'நான்', 'நீ' புழங்குவதில்லை. உறவுப் பெயர்தான் நானும் நீயும். பாட்டியிடம் பேசும்போது என் அண்ணன் மகள் தன்னைப் 'பிள்ளை' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அக்கா முறைக்காரியிடம் பேசினால் 'தங்கை'. குட்டிப் பையனிடம் பேசினால் அவளே 'அக்கா'. அப்பாவின் அண்ணனும் தம்பியும் ஒன்றில்லை, அம்மாவின் தங்கையும் அப்பாவின் தங்கையும் ஒன்றில்லை. அத்தையான எனக்கென்று தனிப் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான் வெறும் ஆன்ட்டி! எதிரில் நிற்பவர் என்ன முறை என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கவே முடியாது. அதனால் பேசப் பழகும்போதே முழுக் குடும்பமும் அந்தப் பிள்ளையின் தலைக்குள் ஏறிவிடுகிறது. தெற்கத்தி வீடுகளில் மூத்த பிள்ளையை 'இரண்டு' என்று கூப்பிடுவார்கள், அடுத்தது 'மூன்று'. ஒன்று எங்கே போனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். இதில் ஒரு சின்னச் சங்கடமும் நடந்தது. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு அவர்கள் மொழியில் 'பா நோய்' என்று பெயர். என் அம்மாவை அப்படிக் கூப்பிட அண்ணி மகளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அம்மா பதறிப்போய், "என்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியா இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

அதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பயணம் என்ற சொல் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அண்ணியின் அம்மா விமானத்தில் வந்தவர் இல்லை. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வடக்கு வியட்நாம் படையிடம் விழுந்த பிறகு லட்சக்கணக்கானவர்கள் படகேறினார்களே, அவர்களில் ஒருவர். மலேசியாவின் பிடோங் தீவில் முகாம். ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள அந்தத் தீவில் 1979 நடுவில் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். தண்ணீரைக்கூடப் படகில் கொண்டுவந்து இறக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா இன்றுவரை திரும்பிப் போகவில்லை. "அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்பார். வற்புறுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார். என் அண்ணன் மகளுக்கு வேர் கான் தோவில் இல்லை, ஹனோயிலும் இல்லை. பக்கத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறது! படகு, தீவு, விட்டுவந்த வீடு எல்லாம் அந்த அம்மாவிடம்தான் இருக்கின்றன, வியட்நாமிய மொழியில் மட்டும் இருக்கின்றன. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கடையில் மீதிச் சில்லறை கேட்கத்தான் போதும். இதற்கு எந்த விமான நிறுவனம் டிக்கெட் விற்கிறது?

இன்னொன்றையும் எதிரணி மறந்துவிட்டது. வியட்நாம் மேல் போட்டிருந்த வணிகத் தடையை அமெரிக்கா நீக்கியது 1994-ல். தூதரக உறவு 1995-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் இந்த மக்களுக்கு ஊருக்குப் போவது லேசான காரியமாக இருக்கவில்லை. போனால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு. அப்போது இங்கே பிறந்த பிள்ளைகளை எது பிடித்து வைத்திருந்தது? தேவாலயத்துக் கூடத்திலும் புத்த விகாரையின் பின்கட்டிலும் நடந்த ஞாயிற்றுக்கிழமை மொழி வகுப்புகள். சம்பளமில்லாத ஆசிரியர்கள், நகலெடுத்த பாடத்தாள்கள், ஓயாமல் திருத்தும் தாய்மார்கள். அப்படி வளர்ந்தவர்தான் என் அண்ணி.

மொழி போனால் என்ன மிஞ்சும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சிப்பாய்களாகவும் குமாஸ்தாக்களாகவும் சைகோனுக்குப் போனவர்கள் உண்டு. சிலர் அங்கேயே வியட்நாமியப் பெண்களை மணந்து, பிறகு குடும்பத்தோடு திரும்பினார்கள். புதுச்சேரியில் இன்றைக்கும் சில வீடுகளில் 'சா ஜோ' என்கிற வியட்நாமியப் பலகாரத்தைச் சுருட்டிப் பொரிக்கிறார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன், குறை சொல்ல முடியாத ருசி. ஆனால் பேரப்பிள்ளைகளில் பலருக்குப் பாட்டியின் மொழி தெரியாது. சாப்பாடு தங்கிவிட்டது, அதைச் சமைத்த பெண்கள் என்ன பேசினார்கள் என்பது தங்கவில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் நல்ல ஒரு அடி அடித்தார், ஒப்புக்கொள்கிறேன். "இங்கே கற்றுக்கொடுப்பது 1975-ல் உறைந்துபோன வியட்நாமிய மொழி. விமான நிலையத்துக்குப் பழைய 'ஃபி ட்ரூங்' என்கிற பெயரை ஒரு பிள்ளை சொன்னதும் அங்கிருக்கும் மாமா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்" என்றார். உண்மைதான். அங்கே அரசு மாறியபோது பல சொற்களும் மாறின. ஆனால் ஐயா, சிரித்தார்கள் என்றால் என்ன அர்த்தம்? புரிந்தது என்று அர்த்தம்! சிரித்துவிட்டு இப்போது புழங்கும் சொல்லைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அங்கிருந்து பேச்சு வளர்ந்திருக்கும். ஒன்றுமே பேசாத பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள், "பாவம்" என்பார்கள். அந்தப் பாவத்தை வாங்கிக்கொண்டு வருவதற்கா பதினாறு மணி நேரம் பறக்க வேண்டும்?

வயதுக் கணக்கும் இருக்கிறது. பயணம் இருபதிலும் போகலாம், நாற்பதிலும் போகலாம். அந்த மொழியோ சுரத்தால், அதாவது குரல் ஏறி இறங்கும் விதத்தால், சொல்லின் பொருள் மாறுகிற மொழி. வடக்கே ஆறு சுரம், தெற்கே இரண்டு ஒன்றாகி ஐந்து. சின்ன வயதில் காதில் விழுந்த பிள்ளைக்கு அது தானாக வருகிறது. முப்பது வயதில் ஆரம்பித்த என் அண்ணன் படுகிற பாட்டைப் பாருங்கள். அவன் மாமியாருக்கு வாழ்த்துச் சொன்னால் மகள் ஓடிவந்து திருத்துகிறாள்.

பிள்ளை அடம்பிடிக்கும், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும். எங்கள் வீட்டிலும் நடந்தது. அண்ணி சண்டை போடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் பாட்டியோடு காய்கறி நறுக்க உட்கார வைத்துவிட்டார். பசி வேளையில் பாட்டிக்குப் புரிகிற மொழியில் கேட்டால்தான் தின்பண்டம் வரும். இப்போது பாட்டியிடம் பேரம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

நடுவர் அவர்களே, மணியின் மேல் கை வைத்துவிட்டீர்கள், பார்த்தேன். டெட்டுக்கு டிக்கெட் போட வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. போடுங்கள், எனக்கும் சேர்த்துப் போட்டால் சந்தோஷம். ஆனால் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை பக்கத்து அறைக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, "பாட்டி, போய்ட்டு வரேன்" என்று பாட்டியின் மொழியில் சொல்லிவிட்டு ஏறட்டும். தீர்ப்பு எங்கள் பக்கம் வரும் என்ற நம்பிக்கையோடு உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.