எஞ்சின் அலறுது, படகு நகரலையா?

நேயர்களுக்கு வணக்கம்.

காசிமேட்டிலும் எண்ணூரிலும் பைபர் படகு ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "அண்ணே, அலையில ஏறும்போதும் திருப்பும்போதும் எஞ்சின் திடீர்னு அலறுது, படகு மட்டும் போக மாட்டேங்குது." சொன்ன கையோடு, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைப் புதிதாக வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். பெரும்பாலும் விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. காற்று கலந்தால் விசிறிக்குப் பளு குறையும், எஞ்சின் வேகம் எகிறும், தள்ளும் விசை போய்விடும்.

முதலில் எஞ்சின் மாட்டியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். படகைக் கரையேற்றி, எஞ்சினை நேராக இறக்கி நிறுத்துங்கள். விசிறிக்கு மேலே அகலமான தகடு ஒன்று தெரியும். மேலே இருக்கும் காற்று கீழே இறங்காமல் தடுப்பது அதுதான். கொத்தனார் வைத்திருக்கும் மட்டப்பலகையைப் படகின் அடியில் ஒட்டிப் பின்பக்கம் நீட்டிப் பிடியுங்கள். தகடு அந்த மட்டத்திலோ, ஓர் அங்குலம் மேலேயோ இருந்தால் சரி. அதைவிட உயர்ந்திருந்தால் எஞ்சினை இறக்கி மாட்டுங்கள். எஞ்சின் மாட்டும் பின்பலகை 20 அங்குல உயரம் இருக்க, அதில் 15 அங்குலத் தண்டு எஞ்சினை மாட்டிவிட்டு எத்தனை விசிறி மாற்றினாலும் பலனில்லை. பழைய எஞ்சின் வாங்கப் போகும்போது டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பலும் சேறும் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. அங்கே எஞ்சினைத் தூக்கித்தான் கடக்க வேண்டியிருக்கிறது. அப்போது மெதுவாகப் போங்கள், ஆழம் வந்ததும் மறக்காமல் இறக்குங்கள். குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் துளைகளும் அந்தத் தகட்டுக்குக் கீழேதான். அவை வெளியே தெரிந்தால் எஞ்சின் சூடேறிக் கெடும்.

அப்புறம், விசிறிக்கு நேர் முன்னால் படகின் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள். மேடான பைபர் ஒட்டு இருந்தால்கூட நுரை கிளம்பி நேரே விசிறிக்குப் போகும். தேய்த்துச் சமமாக்குங்கள். விசிறியில் வலைத்துண்டோ பிளாஸ்டிக் பையோ சுற்றியிருந்தால், எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றிய பிறகே கையை வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகப் போகையில் இழுத்து, வேகம் கூட்டினால் மட்டும் நழுவுகிறதா? விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் விட்டிருக்கலாம். உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு விலகியிருந்தால் புஷ்ஷைத்தான் மாற்ற வேண்டும்.